தி க்ளோசர்: வழி தெரியாத ஊரில் வாக்குமூலம் வாங்கும் பிரெண்டா

துப்பறிவாளர் வேறு ஊருக்கு மாற்றலாகி வருவதில் தொடங்கும் குற்றத் தொடர்கள் நிறைய உண்டு. அவற்றில் பலவற்றில் மூன்றாவது எபிசோடுக்குள் அந்த மாற்றலையே எழுதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். வந்தவருக்குத் தெருக்கள் அத்துபடியாகிவிடும், அலுவலகத்தில் இருந்த கசப்பும் காணாமல் போய்விடும். அமெரிக்காவின் டி.என்.டி கேபிள் சேனலில் 2005 ஜூன் 13 அன்று தொடங்கிய ‘தி க்ளோசர்’ அந்த வழியில் போகவில்லை. அட்லாண்டாவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு வரும் பிரெண்டா லீ ஜான்சனுக்கு அந்த ஊர் தெரியாது, ஊருக்கும் அவரைத் தெரியாது. இந்த இரண்டு தெரியாமைகளையும் வைத்துத்தான் அவர் கொலைகாரர்களைப் பேச வைக்கிறார். இடமாற்றத்தைத் துப்பறியும் முறையாகவே ஆக்கியது இந்தத் தொடரின் பெரிய சாதனை. 2012 ஆகஸ்ட் 13 வரை ஏழு சீசன், 109 எபிசோட். இன்று முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்கும் பழசாகத் தோன்றாத தொடர் இது. எதை எதிர்பார்க்க வேண்டும், எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது.

உருவாக்கியவர் ஜேம்ஸ் டஃப். பிரெண்டாவாக கைரா செட்ஜ்விக். சி.ஐ.ஏ-வில் விசாரணைப் பயிற்சி பெற்ற பிரெண்டாவை லாஸ் ஏஞ்சலஸ் போலீஸின் துணைத் தலைவர் பதவிக்கு அழைத்து வருபவர் உதவித் தலைவர் வில் போப். அந்த வேடத்தில் நடித்த ஜே.கே. சிம்மன்ஸ் பின்னாளில், 2015-ல், ஆஸ்கர் வாங்கினார். போப்புக்கும் பிரெண்டாவுக்கும் முன்பு ஒரு காதல் இருந்தது, அதுவும் போப் மணமானவராக இருந்த காலத்தில். ஆகவே புதிய பதவியில் உட்காரும் முதல் நாளே “இந்த அம்மாவுக்கு எப்படி இந்த நாற்காலி கிடைத்தது” என்ற கேள்வி அலுவலகம் முழுக்கச் சுற்றுகிறது. முக்கியமான கொலை வழக்குகளுக்கென்று புதிதாக ஒரு பிரிவு. அதில் இருக்கும் அனுபவசாலிகள் அவருக்குக் கீழே வேலை செய்ய விரும்பாமல் இடமாற்றம் கேட்கிறார்கள். இந்தப் பகையை முதல் சீசனின் 13 எபிசோடுகளிலும் அவசரப்படாமல் கரைக்கிறார்கள். ஒரே சாகசத்தில் எல்லோரும் மனம் மாறிவிடுவதில்லை. ஒருவர் ஒரு வழக்கில் மாறுகிறார், இன்னொருவர் அடுத்த சீசனில்தான் மாறுகிறார். துறையின் பழைய ஆளான கேப்டன் டெய்லரின் மனக்குறை அதற்கப்பாலும் நீள்கிறது.

வெளியூர்க்காரரைக் கொண்டுவந்து மேலே உட்கார வைப்பது அந்தக் காலத்து லாஸ் ஏஞ்சலஸில் நடந்துகொண்டிருந்த காரியமே. போலீஸாரே பொய்ச் சான்று உருவாக்கியது அம்பலமான ராம்பார்ட் ஊழல் வெளிவந்த பிறகு 2001-ல் அந்த நகரப் போலீஸ் துறை மத்திய அரசுடன் நீதிமன்ற ஒப்பந்தம் போட்டு, வெளியாரின் கண்காணிப்பில் சீர்திருத்தம் செய்ய வேண்டியதாயிற்று. பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் போலீஸ் தலைவராக இருந்த வில்லியம் பிராட்டன் 2002-ல் அங்கே தலைமைக்கு வந்தார். துறைக்குள்ளேயே வளர்ந்தவர்களுக்கு இது எப்படி உறுத்தியிருக்கும் என்பதை யோசித்தால், தொடரில் டெய்லரும் பிரெண்டாவின் குழுவிலிருக்கும் லெப்டினன்ட் பிரொவென்சாவும் காட்டும் எரிச்சல் வெறும் ஆணாதிக்கம் மட்டும் அல்ல என்பது புரியும். ஆணாதிக்கம் அதில் நிச்சயம் உண்டு. கூடவே, ‘எங்கள் வீட்டைத் திருத்த வெளியாள் எதற்கு’ என்ற தன்மானமும் உண்டு. எழுத்து இரண்டையும் பிரித்துக் காட்டுவதால்தான் எதிர்ப்பவர்களும் மனிதர்களாக நிற்கிறார்கள்.

ஊர் தெரியாமையைக் காட்டும் விதமும் நன்றாக அமைந்திருக்கிறது. ஃப்ரீவேயில் எங்கே இறங்குவது என்று தெரியாமல் பிரெண்டா தடுமாறுவது தொடக்கச் சீசன்களில் திரும்பத் திரும்ப வரும். சார்ஜென்ட் டேவிட் கேப்ரியல்தான் அவருக்கு முதல் வழிகாட்டி, கொஞ்ச காலத்துக்கு ஒரே நண்பரும்கூட. இதைவிட ஆழமான குழப்பம் ஒன்று இருக்கிறது. அந்த ஊரைப் பற்றி முன்பே கொஞ்சம் தெரிந்திருந்தால் பல காட்சிகள் இன்னும் சுவைக்கும். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டிக்குள் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) 88 நகரங்கள் இருக்கின்றன. பெவர்லி ஹில்ஸ், சாண்டா மோனிகா, கல்வர் சிட்டி ஆகியவற்றுக்குத் தனித்தனிப் போலீஸ். வெஸ்ட் ஹாலிவுட்டுக்கு கவுண்டியின் போலீஸ் தலைவரான ஷெரிஃபின் ஆட்கள். ஒரு தெருவைக் கடந்தால் அதிகாரமே மாறிவிடும். கொலையை விசாரிப்பது நகரப் போலீஸ், பிணத்தை அறுத்துப் பார்ப்பது கவுண்டியின் சவப் பரிசோதனை அலுவலகம், வழக்கு நடத்துவது கவுண்டியின் மாவட்ட வழக்கறிஞர், மத்தியக் குற்றம் ஏதாவது கலந்திருந்தால் எஃப்.பி.ஐ. வந்த புதிதில் பிரெண்டா யாரைக் கேட்க வேண்டுமோ அவரைக் கேட்காமல், எந்த எல்லையைத் தாண்டக்கூடாதோ அதைத் தாண்டி, பல பேரின் கோபத்தைச் சம்பாதிப்பது இந்த அமைப்பினால்தான். அவருக்குத் துணையாக வரும் எஃப்.பி.ஐ அதிகாரி ஃப்ரிட்ஸ் ஹோவர்டு (ஜான் டென்னி) காதலராக மட்டும் இல்லாமல் கதைக்கு வேண்டியவராகவும் இருப்பதற்கு இதுவே காரணம். பிரெண்டா அவரிடம் தகவலும் அதிகாரமும் உரிமையோடு வாங்கிக்கொள்கிறார். திருப்பிக் கொடுப்பது குறைவு. அந்த உறவின் எல்லாச் சச்சரவும் இந்தக் கொடுக்கல் வாங்கலிலிருந்துதான் கிளம்புகிறது.

இனி தொடரின் இதயத்துக்கு வரலாம்: விசாரணை அறை. கொலையாளி யார் என்பதைக் கடைசி நொடிவரை மறைத்து வைக்கும் தொடர் வேண்டுமென்றால் இது அதற்கு உகந்ததல்ல. அரை மணி நேரத்துக்குள் பல எபிசோடுகளில் ஆள் தெரிந்துவிடுவார். தெரிந்த ஆளைத் தன் வாயாலேயே எப்படிச் சொல்ல வைப்பது என்பதுதான் மீதிக் கதை. ‘க்ளோசர்’ என்ற பட்டமும் வழக்கை முடித்து வைப்பவர் என்பதைக் குறிப்பதுதான்.

பிரெண்டாவின் முறையை உற்றுப் பார்த்தால் அதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அறைக்குள் போவதற்கு முன்பே, கையில் இருக்கும் சான்றுகளில் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று அவர் பிரித்துக்கொள்கிறார். பக்கத்து அறையில் திரைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் பஸ் வாட்சனும் மற்றவர்களும் எந்த நேரத்தில் எதை உள்ளே கொண்டுவர வேண்டும் என்பதும் பல தடவை முன்பே பேசி வைக்கப்பட்டது. உள்ளே போனதும் முதல் வேலை தன்னைச் சிறிதாக்கிக்கொள்வது. பெரிய கறுப்புக் கைப்பை, அதற்குள் எதையோ தேடும் தடுமாற்றம், இழுத்துப் பேசும் ஜார்ஜியா உச்சரிப்பு, அடிக்கொரு மன்னிப்பு, “நான் ஊருக்குப் புதுசு, எனக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்களேன்” என்கிற பாவனை. எதிரே இருப்பவருக்குத் தான் இவரைவிடக் கெட்டிக்காரர் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. அந்த நினைப்பு வந்ததும் பேசத் தொடங்கிவிடுவார்.

அடுத்து, சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்ல விடுவது. மறுப்பதில்லை, குறுக்கிடுவதில்லை. பொய்யை நன்றாக விரித்துச் சொல்ல இடம் கொடுத்து, அந்தப் பொய்யின் நேரம், இடம், உடன் இருந்தவர் எல்லாவற்றையும் சின்னச் சின்னக் கேள்விகளால் ஆணி அடித்து நிறுத்துகிறார். அதற்குப் பிறகுதான் முதல் சான்று மேசைக்கு வருகிறது, அதுவும் இருப்பதில் மிகச் சிறியது. ஆள் கதையை அதற்கேற்ப மாற்றினால் இரண்டாவது. இப்படி ஒரே ஆளின் மூன்று வாக்குமூலங்கள் ஒன்றோடொன்று மோதும்போது அவர் தனக்கே எதிர்ச்சாட்சி ஆகிவிடுகிறார். ஆராய்ச்சி உலகில் இதற்கு நெருக்கமான ஒரு முறை இருக்கிறது. பேர் ஆண்டர்ஸ் கிரான்ஹாக், மரியா ஹார்ட்விக் போன்ற உளவியலாளர்கள் சோதித்து வளர்த்த, சான்றைத் தாமதித்துக் காட்டும் முறை அது. கையில் இருக்கும் சான்றை முதலிலேயே காட்டிவிட்டால் குற்றவாளி அதைச் சுற்றிக் கதை கட்டிவிடுவான், காட்டாமல் வைத்திருந்தால் அவன் சொல்வதும் சான்றும் முரண்படும் என்பதே அதன் அடிப்படை. தொடரின் நல்ல எபிசோடுகள் எல்லாம் இந்தப் பொறுமையில் நிற்கின்றன. மோசமான எபிசோடுகளில் பிரெண்டா இரண்டாவது கேள்வியிலேயே எல்லாச் சீட்டையும் இறக்கிவிடுவார், எதிரே இருப்பவர் அழுது ஒப்புக்கொள்வார். பார்ப்பவருக்கு வெற்றி கிடைத்த உணர்வே வராது.

கடைசிப் படி ஆளின் மனச்சாட்சிக்கு ஒரு கதவு திறந்து வைப்பது. “நீங்கள் கெட்டவர் இல்லை, அவர்தான் உங்களை அந்த நிலைக்குத் தள்ளினார்” என்பது போன்ற பேச்சு. இது அமெரிக்கப் போலீஸார் பல பத்தாண்டுகளாகக் கற்றுவந்த ரீட் முறையிலிருந்து வருவது. அந்த முறையின் ஒன்பது படிகளில் இரண்டாவது, குற்றத்துக்கு மனம் ஏற்கக்கூடிய ஒரு நியாயத்தைக் கட்டித் தருவது. ஏழாவது, இரண்டு விடைகளை முன்வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது: திட்டமிட்டுக் கொன்றாயா, ஆத்திரத்தில் கைமீறிப் போய்விட்டதா? எந்த விடையைச் சொன்னாலும் ஒப்புக்கொண்டதாகிவிடும். பிரெண்டா இந்த ஏழாவது படியைக் கையாளும்போது செட்ஜ்விக்கின் குரல் தாழும், கை மேசையில் முன்னே நகரும், முகத்தில் உண்மையான இரக்கம் தெரியும். ஒப்புக்கொண்ட அடுத்த நொடியே அந்த இரக்கம் அணைந்துவிடும். இந்த ஒரு மாற்றத்துக்காகவே அவருக்கு 2007-ன் கோல்டன் குளோபும் 2010-ன் எம்மியும் தகும் என்பேன்.

சட்டப் பக்கத்தில் தொடர் எவ்வளவு சரி? எதிர்பார்ப்பதைவிடச் சரி. 1966-ன் மிராண்டா தீர்ப்பின்படி, காவலில் இருப்பவரைக் கேள்வி கேட்பதற்கு முன்பு பேசாமல் இருக்கும் உரிமையையும் வழக்கறிஞர் உரிமையையும் சொல்லியாக வேண்டும். ‘காவலில்’ என்ற சொல்தான் இங்கே முக்கியம். “நீங்கள் கைது செய்யப்படவில்லை, எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம்” என்று சொல்லி, உண்மையிலேயே போக விட்டால், அது காவல் ஆகாது. 1983-ல் வந்த பெஹலர் வழக்கு கலிபோர்னியாவிலிருந்தே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த மாநில விசாரணையாளர்கள் இந்த வாசகத்தை இன்றும் அந்த வழக்கின் பெயராலேயே அழைக்கிறார்கள். பிரெண்டா சிலரை உதவி செய்ய வந்த விருந்தினர் போல உட்கார வைத்துப் பேசுவது இந்த இடைவெளியைப் பயன்படுத்தித்தான். வேறு சில எபிசோடுகளில் உரிமையைச் சொல்லிவிட்டு, அதை வெறும் படிவ வேலையாகத் தோன்ற வைத்துக் கையெழுத்து வாங்குகிறார். இதுவும் நடப்பில் உள்ளதுதான், நீதிமன்றத்தில் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும்.

பொய் சொல்வது அடுத்த கேள்வி. “உன் கூட்டாளி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்” என்று போலீஸ் பொய் சொல்லலாமா? அமெரிக்காவில் சொல்லலாம். 1969-ன் ஃப்ரேசியர் வழக்கில் நடந்தது துல்லியமாக அதுவே. சந்தேகிக்கப்பட்டவரின் உறவினர் ஒப்புக்கொண்டுவிட்டதாகப் போலீஸ் பொய் சொன்னது, உச்ச நீதிமன்றம் வாக்குமூலத்தை ஏற்றது. ஆகவே இல்லாத கைரேகை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பிரெண்டா பேசும்போது அவர் சட்டத்தை மீறவில்லை. மீறுவது வேறு இடங்களில். சந்தேக நபர் தெளிவாக “எனக்கு வழக்கறிஞர் வேண்டும்” என்று சொல்லிவிட்டால் கேள்வியை நிறுத்த வேண்டும் என்பது 1981-ன் எட்வர்ட்ஸ் தீர்ப்பு. “வழக்கறிஞரிடம் பேச வேண்டுமோ என்னமோ” என்று இழுத்தால் நிறுத்தத் தேவையில்லை என்பது 1994-ன் டேவிஸ் தீர்ப்பு. தொடரின் எழுத்தாளர்கள் இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள மெல்லிய கோட்டை நன்றாக அறிந்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் சில எபிசோடுகளில் ஆள் தெளிவாகக் கேட்ட பிறகும் பிரெண்டா பேச்சை வேறு பக்கம் திருப்பித் தொடர்வார். அந்த வாக்குமூலம் நிஜ நீதிமன்றத்தில் முதல் நாளே தூக்கி எறியப்படும். தொடர் அதைச் சொல்லாமல் கடந்துபோகிறது.

தமிழ் வாசகர் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தியச் சட்டத்தில் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. அமெரிக்காவில் அதுவே வழக்கின் மிகப் பெரிய ஆயுதம். அந்த வேறுபாடு தெரியாவிட்டால், கத்தியும் ரத்தமும் கையில் இருக்கும்போது பிரெண்டா எதற்கு இவ்வளவு பாடுபடுகிறார் என்று புரியாது. அங்கேயும் வாக்குமூலம் மட்டும் தனியாகப் போதாது. குற்றம் ஒன்று நடந்ததற்கு வேறு சான்றும் இருக்க வேண்டும் என்பது கலிபோர்னியாவின் நெடுநாள் விதி. கைது செய்தவரை, ஞாயிறும் விடுமுறையும் நீங்கலாக, 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தவும் வேண்டும். பல எபிசோடுகளின் பரபரப்பு இந்தக் கடிகாரத்திலிருந்து வருகிறது.

இவ்வளவு பாராட்டிய பிறகு தொடரின் பெரிய குறையைச் சொல்லியாக வேண்டும். பிரெண்டா அறைக்குள் உட்கார வைப்பவர் பெரும்பாலும் குற்றவாளியாகவே இருக்கிறார். இதே உத்திகள் குற்றமற்றவர்மீது பாய்ந்தால் என்ன ஆகும்? நியூயார்க் சென்ட்ரல் பார்க் வழக்கில் 1989-ல் பதின்வயதுச் சிறுவர்கள் நீண்ட விசாரணைக்குப் பிறகு செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2002-ல்தான் தண்டனை ரத்தானது. மரபணுச் சோதனையால் விடுதலையானவர்களில் கால்வாசிக்கும் மேற்பட்டோர் வழக்கில் பொய்யான ஒப்புதல் இருந்திருக்கிறது. களைப்பு, சிறுவயது, மனநலக் குறை, இல்லாத சான்றைக் காட்டி மிரட்டல், ‘ஒப்புக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம்’ என்ற மறைமுக நம்பிக்கை ஆகியவை சேரும்போது இப்படி நடக்கிறது. தொடரில் இந்தக் காரணங்கள் எல்லாம் தனித்தனியாக வந்துபோகின்றன. அவற்றின் விளைவு மட்டும் அபூர்வம். இன்று அமெரிக்காவிலேயே சட்டம் மாறிவருகிறது. சிறார்களிடம் போலீஸ் பொய் சொல்வதைத் தடுக்கும் சட்டங்களை 2021-ல் இல்லினாய்ஸும் ஆரெகனும் கொண்டுவந்தன, பின்னர் கலிபோர்னியாவும் சேர்ந்துகொண்டது. ஆகவே பதின்வயதினரை பிரெண்டா விசாரிக்கும் எபிசோடுகளை இன்று பார்த்தால் கைதட்டல் தானாகக் குறையும். அது பார்ப்பவரின் தவறில்லை.

மற்ற யதார்த்தப் பிழைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். லாஸ் ஏஞ்சலஸ் போலீஸில் துணைத் தலைவர் என்பது தலைவருக்கும் உதவித் தலைவர்களுக்கும் அடுத்த படி. ஒன்பதாயிரம் பேருக்கு மேல் வேலை செய்யும் துறையில் அந்தப் பதவிக்காரர் பட்ஜெட்டும் கூட்டங்களும் பார்ப்பார். கொலை நடந்த வீட்டில் கையுறை போட்டுக் குனிந்து தேட மாட்டார், சந்தேக நபரோடு தானே உட்கார மாட்டார். அந்த வேலையெல்லாம் துப்பறிவாளர் நிலையில் முடிந்துவிடும். மரபணு அறிக்கை மதியத்துக்குள் வருவதும் கற்பனை. 2008-ல் அந்த நகரத்தின் ஆய்வகத்தில் பாலியல் வன்முறை வழக்குகளின் மாதிரிகள் ஆயிரக்கணக்கில் சோதிக்கப்படாமல் கிடந்தது பெரிய சர்ச்சையானது. 45 நிமிடக் கதைக்கு இந்தச் சலுகைகள் வேண்டும் என்பதால் இவற்றை மன்னித்துவிடலாம்.

குழுவைப் பற்றிச் சொல்லாமல் விமர்சனம் முழுமையாகாது. ஜி.டபிள்யூ. பெய்லி நடிக்கும் லெப்டினன்ட் பிரொவென்சா ஓய்வை மறுக்கும் கிழவர். வாய் முரட்டுத்தனமாக இருந்தாலும் கொலை நடந்த இடத்தை ஒரே பார்வையில் படிக்கத் தெரிந்தவர். டோனி டெனிசனின் ஃப்ளின்னோடு அவர் சேரும் நகைச்சுவை எபிசோடுகள் தனி விருந்து. பிரொவென்சாவின் கராஜிலேயே ஒரு பிணம் கிடக்க, கையில் பேஸ்பால் டிக்கெட் இருப்பதால் இருவரும் புகாரைத் தள்ளிப்போடும் இரண்டாம் சீசன் எபிசோடை முதலில் பார்க்கச் சொல்வேன். இந்த இருவரும் எவ்வளவு பெரிய தவறு செய்கிறார்கள் என்பதும், அதை மறைக்க பிரெண்டா எந்த அளவுக்கு இறங்குகிறார் என்பதும் அதில் ஒன்றாகத் தெரியும். வந்த நாளில் அவரை வேண்டாம் என்றவர்களுக்காக அவர் விதியை வளைக்கிறார். குழு அவருடையதாக ஆனது அங்கேதான். மைக்கேல் பால் சானின் டாவ் தொழில்நுட்ப விவரங்களைத் தேவைக்கு மேல் விளக்குபவர். ரேமண்ட் குரூஸின் சான்செஸ் குறைவாகப் பேசி நிறையச் சுமப்பவர். துப்பறிவாளர் ஐரீன் டேனியல்ஸுக்கு மட்டும் எழுத்தாளர்கள் நியாயம் செய்யவில்லை. நான்கு சீசன் இருந்தும் அவருக்கென்று நிற்கும் கதை குறைவு.

மூன்றாம் சீசனில் காணாமல் போன சிறுமியைத் தேடும் ‘ரூபி’ என்ற எபிசோட் கனமானது. விசாரணையில் கேப்ரியல் எல்லை மீறுகிறார், அதற்கான விலை அவருடைய மனதில் தங்கிவிடுகிறது. குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களைப் பார்க்க முடியாதவர்கள் இதைத் தவிர்த்துவிடலாம், தொடர்கதை புரிவதில் சிக்கல் வராது. மூன்றாம் நான்காம் சீசன்களில் தொடர் கொஞ்சம் தளர்கிறது என்பது என் கணிப்பு. வீடு, திருமணம், பெற்றோர் வருகை என்று குடும்பக் கதை விரிவாகிறது. பிரெண்டாவின் அம்மா வில்லி ரேயாக வரும் ஃபிரான்சஸ் ஸ்டெர்ன்ஹேகன் இருக்கும் காட்சிகளுக்கு நேரம் கொடுக்கலாம். மகளின் இனிமையான மிரட்டல் எங்கிருந்து வந்தது என்பது அந்த அம்மாவைப் பார்த்தால் தெரியும். மீதிக் குடும்பக் காட்சிகளில் பல, வழக்கின் வேகத்தைக் குறைக்கின்றன. ஊர் புதிது என்ற அம்சமும் இந்தக் கட்டத்தில் மங்கிவிடுகிறது. பிரெண்டாவுக்கு ஊர் பழகிவிட்டது, ஆனால் அந்த இடத்தை நிரப்ப எழுத்தாளர்களிடம் வேறொன்று தயாராக இல்லை.

அதை நிரப்பியது ஐந்தாம் சீசனில் வரும் கேப்டன் ஷாரன் ரேடர். மேரி மெக்டொனல் நடிக்கும் இந்தப் பாத்திரம் போலீஸார் பலம் பிரயோகித்த நிகழ்வுகளை விசாரிக்கும் பிரிவின் தலைவர். அப்படி ஒரு பிரிவு அந்தத் துறையில் 2004 முதல் உண்மையிலேயே இருக்கிறது. பிரெண்டா கொலையாளிகளிடம் கையாளும் அதே மென்மையான பிடிவாதத்தோடு ரேடர் பிரெண்டாவின் எதிரே உட்காருகிறார். விதியை மதிப்பவரும் விதியை வளைப்பவரும் மோதும்போது இருவர் பக்கமும் நியாயம் இருப்பதாகவே எழுதியிருக்கிறார்கள். ஆறாம் சீசன் தொடங்கும்போது அலுவலகமே இடம் மாறுகிறது. நிஜத்தில் 2009 அக்டோபரில் திறக்கப்பட்ட புதிய தலைமையகத்துக்குக் குழுவும் குடிபெயர்கிறது. பழைய அறையின் நெருக்கம் போய், கண்ணாடியும் வெளிச்சமும் வருகின்றன. பிரெண்டா மறுபடி வழி தெரியாதவர் ஆகிறார், இம்முறை பதவி அரசியலில்.

கதை தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். ஆறாம் சீசனில் கும்பலைச் சேர்ந்த டுரெல் பெய்லர் என்பவன் ஒப்பந்தம் ஒன்றால் தண்டனையிலிருந்து நழுவப் பார்க்கிறான். அவனை அவன் வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டுவிட்டு பிரெண்டா கிளம்பிவிடுகிறார். தெருவில் யார் காத்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஏழாம் சீசன் முழுவதும் அந்த ஒரு செயலுக்கான வழக்கு. பழைய வழக்குகள் தோண்டப்படுகின்றன, குழுவுக்குள்ளிருந்தே தகவல் கசிகிறது, ஆறு ஆண்டுகளாகக் கைதட்டிய உத்திகள் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கேள்விகளாகத் திரும்பி வருகின்றன. மேலே சொன்ன பெரிய குறையைத் தொடர் தானே எதிர்கொள்ளும் இடம் இது. முழுமையாக இல்லைதான், ஏனென்றால் கேள்வி ‘அவர் குற்றவாளிகளிடம் கொடூரமாக நடந்தாரா’ என்பதிலேயே நிற்கிறது, ‘குற்றமற்றவரைச் சிக்க வைத்தாரா’ என்பது வரை போவதில்லை. ஆனாலும் ஒரு வெற்றிகரமான தொடர் தன் நாயகியின் திறமையையே குற்றச்சாட்டாக வைத்துக் கடைசி 21 எபிசோடுகளை எழுதியதற்குத் துணிச்சல் வேண்டும்.

பார்க்கும் முறை: முதல் சீசனை வரிசை மாறாமல் பாருங்கள். குழுவின் மனமாற்றம் அதில் படிப்படியாக நடப்பதால் இடையில் தாவினால் கெட்டுவிடும். முதல் எபிசோடில் பிரெண்டா எரிச்சலூட்டினால் அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம். அந்தத் தித்திப்பான நன்றிகளும் மேசை இழுப்பறைக்குள் ஒளித்து வைக்கும் சாக்லேட்டுகளும் எதற்கு என்பது மூன்று நான்கு வழக்குகள் கடந்ததும் விளங்கும். அவர் பேச்சின் தெற்கத்தி இழுப்பு ஆங்கிலம் நன்கு தெரிந்தவர்களுக்கும் சில இடங்களில் நழுவும், அதனால் வசன எழுத்தைப் போட்டுக்கொள்வது நல்லது. விசாரணைக் காட்சிகளில் ஒரு சொல் தவறினாலும் பொறி எங்கே வைக்கப்பட்டது என்று தெரியாமல் போகும். மூன்றாம் நான்காம் சீசன்களில் நேரம் குறைவென்றால் வழக்கு எபிசோடுகளைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். ஐந்திலிருந்து மறுபடி வரிசையாகப் பார்க்க வேண்டும். ஒரே நாளில் மூன்றுக்கு மேல் போகாதீர்கள். உத்திகள் திரும்ப வருவதால் தொடர்ந்து பார்த்தால் வியப்பு குறையும்.

முடித்த பிறகு ‘மேஜர் க்ரைம்ஸ்’ இருக்கிறது. ‘தி க்ளோசர்’ முடிந்த அதே இரவில் தொடங்கி 2018 வரை ஆறு சீசன் ஓடியது. அதே குழு, தலைமைக்கு ரேடர். வாக்குமூலத்தை வைத்து வழக்காடுவதைவிட, குற்றவாளியைக் குறைந்த தண்டனைக்கு ஒப்பந்தம் போட வைத்து நீதிமன்றச் செலவை மிச்சப்படுத்துவது அங்கே துறையின் கொள்கை. அமெரிக்கக் குற்ற வழக்குகளில் மிகப் பெரும்பாலானவை நிஜத்தில் முடிவது அப்படித்தான் என்பதால் அது இன்னும் உண்மைக்கு நெருக்கமான தொடர், கொஞ்சம் குளிர்ச்சியானதும்கூட. பிரெண்டாவின் வெப்பத்துக்குப் பழகியவர்கள் முதல் சீசன் முழுவதையும் அதற்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.